பாடக்குறிப்பு எங்கிருந்து தொடங்குகிறது?

அன்புள்ள தம்பிக்கு,

ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் சேர்ந்து முதல் பருவம் முடியப்போகிறது என்று எழுதியிருந்தாய். மிக்க மகிழ்ச்சி. கூடவே ஒரு கேள்வியும் கேட்டிருந்தாய். பி.எட். படிக்கும்போது டைலர் மாதிரி, டாபா மாதிரி, ஸ்டென்ஹவுஸ் மாதிரி என்று வரிசையாகப் படித்துத் தேர்வும் எழுதினோமே, இவற்றில் எது வகுப்பறைக்கு உதவும், அல்லது எதுவுமே உதவாதா என்று. உன் வயது ஆசிரியர்கள் பலரும் இதையே கேட்பதால் பதிலைப் பொதுவில் எழுதுகிறேன்.

உதவும். ஆனால் தேர்வுக்குப் படித்த வடிவத்தில் உதவாது. வழிகாட்டி நூல்களில் ஒவ்வொரு மாதிரியும் நான்கு கட்டம், ஏழு கட்டம், நடுவே அம்புக்குறி, கீழே நிறை இரண்டு குறை இரண்டு என்று சுருங்கிக் கிடக்கிறது. அந்தக் கட்டங்களை வரைந்தவர்கள் எந்தச் சிக்கலுக்குள் நின்றுகொண்டு வரைந்தார்கள் என்பது அச்சில் உதிர்ந்துபோய்விட்டது. அதைத் தெரிந்துகொண்டால் எதை எப்போது கையில் எடுப்பது என்று உனக்கே புலப்படும்.

ரால்ஃப் டைலரிலிருந்து தொடங்குகிறேன். நீ வாரந்தோறும் எழுதித் தலைமையாசிரியரிடம் கையொப்பம் வாங்கும் பாடக்குறிப்பு அவர் வழி வந்தது. கற்றல் விளைவு, செயல்பாடு, மதிப்பீடு என்ற அதன் வரிசையே அதற்குச் சாட்சி. 1949இல் வெளியான அவருடைய சிறு நூல் நான்கு கேள்விகளைச் சுற்றி அமைந்தது. பள்ளி அடைய வேண்டிய நோக்கங்கள் எவை? அவற்றை அடைய எத்தகைய கற்றல் அனுபவங்களைத் தருவது? அந்த அனுபவங்களை எப்படி ஒழுங்குபடுத்துவது? நோக்கங்கள் நிறைவேறினவா என்று எப்படி அறிவது? படித்த மாத்திரத்தில் மேலிருந்து உத்தரவிடும் ஓர் அதிகாரியின் குரல் போலக் கேட்கிறது அல்லவா? அந்தக் கேள்விகள் பிறந்த இடமோ முற்றிலும் வேறு.

1930களில் அமெரிக்காவின் முற்போக்குக் கல்விச் சங்கம் 30 உயர்நிலைப் பள்ளிகளைத் தேர்ந்தெடுத்தது. ஏறத்தாழ 300 கல்லூரிகள் அந்தப் பள்ளி மாணவர்களுக்கு மட்டும் வழக்கமான நுழைவு நிபந்தனைகளை விலக்க ஒப்புக்கொண்டன. கல்லூரி கேட்கிறது என்பதற்காக இன்ன பாடத்தை இத்தனை மணிநேரம் நடத்தியே ஆகவேண்டும் என்ற கட்டாயம் நீங்கியது. 1933 முதல் 1941 வரை நடந்த இந்த முயற்சிக்கு எட்டாண்டு ஆய்வு என்று பெயர். அதன் மதிப்பீட்டுப் பணிக்குத் தலைமை தாங்கியவர் டைலர். கட்டாயம் நீங்கியதும் ஆசிரியர்கள் முன்னால் ஒரு வெட்டவெளி நின்றது. இனி எதைக் கற்பிப்பது, பிள்ளைகள் கற்றுக்கொண்டார்கள் என்று எதை வைத்துச் சொல்வது? டைலரும் அவர் குழுவினரும் அந்த ஆசிரியர்களோடு உட்கார்ந்து, நீங்கள் உண்மையில் எதை விரும்புகிறீர்கள் என்று கேட்டுக் கேட்டு, அதற்கேற்ற மதிப்பீட்டுக் கருவிகளை உருவாக்கினார்கள். அந்த உழைப்பின் சாரம்தான் பிறகு நான்கு கேள்விகளாக நூலில் ஏறியது.

முடிவையும் தெரிந்துகொள். அந்தப் பள்ளிகளிலிருந்து கல்லூரிக்குப் போனவர்களையும், அவர்களுக்கு இணையான பின்னணியில் மற்றப் பள்ளிகளிலிருந்து போனவர்களையும் 1,475 இணைகளாக வைத்து ஒப்பிட்டார்கள். சோதனைப் பள்ளி மாணவர்கள் பின்தங்கவில்லை. பலவற்றில் சற்று முன்னால் நின்றார்கள். வழக்கத்திலிருந்து மிகவும் விலகிச் சென்ற பள்ளிகளின் மாணவர்கள் இன்னும் நன்றாகச் செய்தார்கள். பொதுத்தேர்வின் நிழல் ஆறாம் வகுப்பு வரை நீளும் நம் ஊரில் இந்த முடிவு இன்னும் பரவலாகத் தெரியவில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

ஆகவே, தம்பி, டைலரை ஒதுக்கிவிடாதே. நம்மிடம் வந்து சேர்ந்ததில் எது குறைகிறது என்று மட்டும் பார். நோக்கங்கள் மூன்று ஊற்றுகளிலிருந்து வர வேண்டும் என்றார் அவர்: கற்கும் பிள்ளை, சுற்றியுள்ள சமூகம், பாட அறிஞர். உன் கைக்கு வரும் கற்றல் விளைவோ எண்ணிடப்பட்டு, அச்சிடப்பட்டு வருகிறது. நான்கு கேள்விகளில் முதலாவதற்கு வேறு யாரோ விடை எழுதிவிட்டார்கள். எஞ்சிய மூன்றை நீ நிரப்புகிறாய். ஒரு மாநிலம் முழுமைக்கும் பொதுவான தளம் வேண்டும் என்பதால் இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. சமச்சீர்க் கல்விக்காக இவ்வளவு பாடுபட்ட மண்ணில் அந்தப் பொதுத்தளத்தின் அருமை எனக்குத் தெரியும். ஆனால் உன் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் 28 பேரையும் அந்த அச்சு பார்த்ததில்லை.

இந்த இடத்தில்தான் ஹில்டா டாபா வருகிறார். எஸ்தோனியாவில் பிறந்தவர். டைலரும் அவரும் 1902ஆம் ஆண்டில் பிறந்தவர்கள். எட்டாண்டு ஆய்வில் ஒன்றாக வேலை செய்தவர்கள். வழிகாட்டி நூல்களில் இருவரையும் எதிரெதிர் அணியில் நிறுத்திவிடுகிறோம். உண்மையில் டாபா, டைலரின் வழியை உள்ளிருந்தே திருத்தினார். 1962இல் வந்த அவருடைய நூலில் ஏழு படிகள் உண்டு. முதல் படி, பிள்ளைகளின் தேவையைக் கண்டறிவது. நோக்கத்தை வகுப்பது இரண்டாம் படிதான். இதைவிடவும் பெரிய மாற்றம் ஒன்று இருக்கிறது. முழுக் கலைத்திட்டத்தையும் முதலில் வரைந்து, பிறகு அதைப் பாடங்களாகப் பிரிக்கும் வேலையை அவர் தலைகீழாக்கினார். ஆசிரியர்கள் முதலில் ஓர் அலகை உருவாக்கட்டும், அதை வகுப்பில் நடத்திப் பார்க்கட்டும், திருத்தட்டும்; அப்படித் தேறிய அலகுகளைச் சேர்த்து முழுக் கலைத்திட்டம் எழட்டும் என்றார். கலிஃபோர்னியாவின் கான்ட்ரா கோஸ்டா மாவட்டத்தில் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களோடு சேர்ந்து சமூக அறிவியலில் அதைச் செய்தும் காட்டினார்.

இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை ஒரு பாடத்தில் வைத்துப் பார்ப்போம். ஆறாம் வகுப்பில் பின்னங்கள்.

அச்சிட்ட வழியில் போனால், வேற்றினப் பின்னங்களைக் கூட்டுவார் என்று விளைவை எழுதுவாய். தாளை மடித்துக் காட்டுவாய். மீச்சிறு பொது மடங்கு கண்டுபிடிக்கும் முறையைப் பலகையில் போடுவாய். கடைசியில் ஐந்து கணக்கு. மூன்று பேருக்கு வரும், பத்துப் பேர் பக்கத்து நோட்டைப் பார்ப்பார்கள், மீதிப் பேர் மேலிருப்பதை மேலோடும் கீழிருப்பதைக் கீழோடும் கூட்டி வைத்திருப்பார்கள்.

டாபாவின் வழியில் போனால் முதல் நாள் பாடமே நடத்த மாட்டாய். மூன்று கேள்விகள் மட்டும் கேட்பாய். 1/3, 1/4 இரண்டில் எது பெரியது, ஏன்? 1/2-ஐயும் 1/3-ஐயும் கூட்டினால் என்ன வரும்? கால் கிலோ தக்காளி இரண்டு முறை வாங்கினால் மொத்தம் எவ்வளவு? முதல் கேள்விக்கு 1/4 என்று பலர் எழுதுவார்கள், மூன்றைவிட நான்கு பெரியது என்பதால். இரண்டாவதற்கு 2/5 என்று வரும். மூன்றாவதற்கு மட்டும் அநேகமாக எல்லோரும் அரைக் கிலோ என்று சரியாகச் சொல்வார்கள். இப்போது உனக்கு ஒரு செய்தி கிடைத்திருக்கிறது. கடையில் பின்னம் தெரிந்த பிள்ளைக்கு நோட்டில் தெரியவில்லை. அவனுக்குக் குறைவது கூட்டும் முறை அன்று. கீழே இருக்கும் எண் எதைக் குறிக்கிறது என்பதுதான். இதை அறிந்தபின் நீ எழுதும் திட்டம், பொது மடங்கில் தொடங்காது. ஒரே நீளமுள்ள இரண்டு தாள்பட்டைகளை எடுத்து, ஒன்றை மூன்றாகவும் மற்றொன்றை நான்காகவும் மடித்து அருகருகே வைப்பதில் தொடங்கும். அச்சிட்ட விளைவு அதேதான். அதற்குப் போகும் பாதை மாறிவிட்டது. மாற்றியவர்கள் உன் பிள்ளைகள்.

1998இல் விக்கின்ஸ், மெக்டை இருவரும் எழுதிய பின்னோக்கித் திட்டமிடலை இங்கேயே சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். விரும்பும் விளைவு, அது நிகழ்ந்ததற்கான சான்று, அதன் பிறகே செயல்பாடு என்பது அவர்கள் வரிசை. டைலரிடம் கடைசியில் வந்த மதிப்பீடு இங்கே நடுவுக்கு வந்துவிட்டது. சிறிய மாற்றம்தான், ஆனால் கூர்மையானது. பின்னப் பாடத்துக்கு ஐந்து கணக்குகளைச் சான்றாக வைக்காமல் இப்படி வைத்துப் பார்: பாதியோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் பாதியைவிடக் குறைவாக வருமா? 2/5 என்ற விடை ஏன் இருக்கவே முடியாது என்று ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளைக்கு விளக்க வேண்டும். இதுதான் சான்று என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டால், அதற்குப் பயன்படாத செயல்பாடுகள் தாமாகவே உதிர்ந்துவிடும். ஓட்டுவதும் வெட்டுவதும் வண்ணம் தீட்டுவதுமாகப் பிள்ளைகள் சுறுசுறுப்பாக இருந்தும் ஒன்றும் கற்காத வகுப்புகளை நீயும் பார்த்திருப்பாய். பாடத்தை முடிப்பதையே குறியாகக் கொள்வது எவ்வளவு தவறோ, செயல்பாட்டையே குறியாகக் கொள்வதும் அவ்வளவு தவறு என்று அவர்கள் இரண்டையும் சேர்த்தே கண்டித்தார்கள்.

ஆனால் எல்லாப் பாடத்தையும் விளைவிலிருந்து தொடங்க முடியாது. லாரன்ஸ் ஸ்டென்ஹவுஸ் பிடிவாதமாக நின்றது இதில்தான். இங்கிலாந்தில் கட்டாயக் கல்வி வயதை 16ஆக உயர்த்த முடிவானபோது, பள்ளியில் பெரிய ஆர்வம் இல்லாத 14 முதல் 16 வயதுப் பிள்ளைகளுக்கு என்ன கற்பிப்பது என்ற கேள்வி எழுந்தது. 1967இல் அவர் தலைமையில் தொடங்கிய மனிதப்பண்பியல் பாடத் திட்டம் போர், வறுமை, குடும்பம், இனம் போன்ற, பெரியவர்களே ஒத்துப்போகாத பொருள்களை வகுப்புக்குள் கொண்டுவந்தது. இவற்றில் பாடவேளை முடிவில் எல்லாப் பிள்ளைகளும் இந்தக் கருத்துக்கு வந்திருப்பார்கள் என்று முன்கூட்டி எழுதினால் அது கல்வியாக இராது, பிரச்சாரமாகிவிடும். அதனால் விளைவை வரையறுக்காமல் நடைமுறை நெறிகளை வரையறுத்தார். ஆசிரியர் தன் கருத்தைத் திணிக்காத நடுநிலையான தலைவராக இருக்க வேண்டும். சான்று காட்டிப் பேச வேண்டும். சிறுபான்மைக் கருத்து சொல்பவரைக் காக்க வேண்டும். தன் வகுப்பைத் தானே ஆராயும் ஆசிரியர் இல்லாமல் எந்தக் கலைத்திட்டமும் வளராது என்பது அவருடைய உறுதியான நம்பிக்கை.

பின்னத்துக்கு இந்த மாதிரி பொருந்தாது. 2/5 ஒரு கருத்து வேறுபாடு அன்று. ஆனால் எட்டாம் வகுப்பில் ஒரு சிறுகதை நடத்தும்போதும், ஊர்க் குளம் ஏன் தூர்ந்தது, குழாயில் தண்ணீர் ஏன் ஒரு தெருவுக்கு முன்னதாகவும் இன்னொரு தெருவுக்குப் பின்னதாகவும் வருகிறது என்று சமூக அறிவியலில் பேச்சு எழும்போதும் இதைத்தான் எடுக்க வேண்டும். அங்கே உன் பாடக்குறிப்பில் விளைவுக்கான கட்டத்தில் அச்சிலுள்ளதை எழுது. அடுத்த பக்கத்தில், இன்று நான் யாரைப் பேசவிட வேண்டும், எங்கே வாய்மூட வேண்டும் என்று உனக்காக எழுதிக்கொள். கதையின் கருத்தைப் பலகையில் எழுதிப்போட்டு அதையே மனப்பாடமாக வாங்குவது அந்தக் கதைக்குச் செய்யும் தீங்கு. இதில் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை.

டெக்கர் வாக்கரையும் சுருக்கமாக நினைவுபடுத்துகிறேன். கலைத்திட்டக் குழுக்கள் உண்மையில் எப்படி வேலை செய்கின்றன என்று பார்த்து 1971இல் எழுதியவர். யாரும் நோக்கத்தில் தொடங்கி ஒழுங்காக நடந்து போவதில்லை; அவரவர் நம்பிக்கைகளோடு வந்து, வாதாடி, இழுபறிப்பட்டுத்தான் ஒரு முடிவுக்கு வருகிறார்கள் என்று கண்டார். பணியிடைப் பயிற்சியில் சக ஆசிரியர்கள் சண்டையிட்டால் நேரம் வீணாகிறது என்று நினைத்துவிடாதே.

நம் மாநிலத்திலேயே நடந்த ஒன்றைச் சொல்லாமல் இந்தக் கடிதம் நிறைவு பெறாது. ஆந்திரத்தின் ரிஷிவேலியில் பல்வகுப்புச் சிற்றூர்ப் பள்ளிகளுக்காக உருவான ஏணிப்படி முறையைத் தழுவி, 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. ஆசிரியர்களே உட்கார்ந்து, பிள்ளைகள் படிப்படியாகக் கற்பதற்கான அட்டைகளை எழுதினார்கள், வகுப்பில் வைத்துப் பார்த்தார்கள், மாற்றினார்கள். டாபா கண்டிருந்தால் தன் வழி என்று சொல்லியிருப்பார். 2007இல் அது மாநிலம் முழுவதும் உள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் போனது. அட்டைகள் அச்சாகி, பெட்டியில் வந்து இறங்கின. எத்தனையோ பிள்ளைகளுக்கு அது தரையில் வட்டமாக உட்கார்ந்து தன் வேகத்தில் படிக்கும் உரிமையைத் தந்தது. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அட்டையை உருவாக்கிய ஆசிரியருக்கும் அட்டையை வாங்கிக்கொண்ட ஆசிரியருக்கும் அது ஒரே மாதிரியாக இருக்க முடியவில்லை. முன்னவருக்கு ஒவ்வோர் அட்டையும் ஏன் அங்கே இருக்கிறது என்று தெரியும். பின்னவருக்கு அது நிரப்ப வேண்டிய இன்னொரு பதிவேடு. 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டமும் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலையறிந்து தொடங்குகிறது. தேவையறிதல் என்ற முதல் படி அதில் இருக்கிறது. பிள்ளை எந்த நிலையில் இருக்கிறாள் என்று திட்டம் உனக்குச் சொல்லும். ஏன் அங்கே நிற்கிறாள் என்பதை நீதான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஆகையால் ஒரு மாதிரியை எடை போடும்போது அதில் எத்தனை படிகள் என்று பார்க்காதே. முதல் முடிவை அதில் யார் எடுக்கிறார், அவர் அந்தப் பிள்ளையை எவ்வளவு அருகிலிருந்து பார்க்கிறார் என்று கேள். உன் வேலைக்கு என் அறிவுரை இதுதான்: பாடக்குறிப்பை டைலர் வரிசையில் எழுது, ஏனென்றால் வட்டாரக் கல்வி அலுவலரும் அடுத்து வரும் ஆசிரியரும் அதைப் படிக்க வேண்டும். திட்டத்தை டாபாவைப் போலத் தொடங்கு. ஐயம் வந்தால், சான்று என்ன என்று முதலில் எழுதிப் பார்.

எல்லாப் பாடத்துக்கும் இப்படிச் செய்ய இப்போது முயலாதே, களைத்துப்போவாய். ஒரு பருவத்துக்கு ஓர் அலகு போதும். அதற்கென்று தனியாக ஒரு நோட்டு போட்டு, முதல் நாள் கேள்விகளையும் பிள்ளைகள் சொன்ன விடைகளையும் அவர்கள் சொன்னபடியே எழுதிவை. தவறான விடைகளை இன்னும் கவனமாக எழுது. வளரறி மதிப்பீட்டுக்கு உள்ள 40 மதிப்பெண்ணில் ஒரு பகுதியை நீ உருவாக்கிய சான்றுக்கே தரலாம். விதி அதற்கு இடம் தருகிறது. அலகு முடிந்ததும் எங்கே பாதை மாற்றினாய் என்று ஒரு பக்கம் எழுது. அந்த நோட்டை அடுத்த குறுவள மையக் கூட்டத்துக்கு எடுத்துப் போ. அங்கே இன்னும் இருவர் அதே மூன்று கேள்விகளைத் தங்கள் வகுப்பில் கேட்டுவர ஒப்புக்கொண்டால், மூன்று பள்ளிகளின் விடைகளை அருகருகே வைத்துப் பேச முடியும்.

பின்னங்கள் உன் பள்ளியில் எந்த வாரம் தொடங்குகின்றன என்று எழுது. முதல் நாள் விடைகளை அப்படியே படமெடுத்து அனுப்பினாலும் சரி, பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

அன்புடன்,
உன் அண்ணன்