தில்லிக் குளிரில் இட்லி மாவு பொங்க...



ஜனவரி மாதம் தில்லித் தமிழர் வீடுகளில் காலையில் எழுந்ததும் முதலில் திறந்து பார்ப்பது செய்தித்தாளை அல்ல, மாவுப் பாத்திரத்தை. இரவு வைத்த அளவிலேயே மாவு அசையாமல் உட்கார்ந்திருக்கும். உடனே அவசரத்துக்கு ஒரு சிட்டிகை சோடா உப்பு. பலர் மார்ச் வரை இட்லியையே மறந்துவிடுவதும் உண்டு. இது தேவையற்ற தோல்வி என்பதே இக்கட்டுரையின் கருத்து.

நான் சமையல் நிபுணன் அல்லன். மெக்கானிக்கல் டிப்ளமா படித்து, ரயில்வேயில் டீசல் இன்ஜின்களோடு காலம் கழித்து ஓய்வு பெற்றவன். என் மனைவி மறைந்த பிறகு வந்த முதல் குளிர்காலத்தில், 88 வயதான என் தாயாருக்கு இட்லி தவிர வேறு எதுவும் தொண்டையில் இறங்கவில்லை. ரொட்டியை மெல்லப் பல் இல்லை, கிச்சடி பிடிக்கவில்லை. கான்பூரிலிருந்து வந்த மருமகள், "எவ்வளவு, எத்தனை மணி நேரம் என்று மட்டும் சொல்லுங்கள் பாபுஜி, நான் செய்கிறேன்" என்றாள். பதில் சொல்லத் தெரிந்தவள் போய்விட்டாள். அம்மாவைக் கேட்டால், "கையை விட்டுப் பார்த்தால் தெரியும்" என்றார். அந்தக் கையோ இப்போது நடுங்குகிறது. ஆகவே, ஷெட்டில் லாக் புத்தகம் எழுதுவதுபோல் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு, மருமகளும் நானும் ஒரு பருவம் முழுவதும் குறித்து வைத்தோம். அதன் சாரம் இதோ.

அரிசியும் உளுந்தும்

நம் ஊர் இட்லி அரிசி எல்லாக் கடையிலும் கிடைக்காது. ஆனால் புழுங்கல் அரிசி வடக்கிலும் உண்டு, பெயர்தான் வேறு. தில்லிக் கடையில் 'சேலா' என்று கேளுங்கள். பீகார், உத்தரப் பிரதேசம் பக்கம் 'உஸ்னா', வங்காளத்தில் 'சித்த சால்'. பாஸ்மதி சேலா வேண்டாம். அதன் மணம் இட்லிக்கு ஒவ்வாது, விலையும் அதிகம். 'பர்மல் சேலா' போதும்.

உளுந்தில் தோல் நீக்கிய முழு உளுந்தே நல்லது. 'உரத் கோட்டா' என்றால் தருவார்கள். பழைய உளுந்து பொங்காது. புது வரவாகப் பார்த்து வாங்குங்கள்.

அளவு: கிரைண்டரில் அரைத்தால் அரிசி 4, உளுந்து 1. மிக்ஸியில் உளுந்து அவ்வளவு உபரி காணாது. ஆகவே 3-க்கு 1. வெந்தயம் ஒரு தேக்கரண்டி. அரைத்த உளுந்தில் ஒரு துளியை நீரில் விட்டால் மிதக்க வேண்டும். மூழ்கினால் இன்னும் அரையுங்கள்.

மாவு ஏன் பொங்குகிறது?

உளுந்திலும் அரிசியிலும் இயற்கையாகவே நுண்ணுயிர்கள் இருக்கின்றன. அவற்றுள் முக்கியமானது லூகோனோஸ்டாக் மெசென்டெராய்ட்ஸ். அது மாவிலுள்ள சர்க்கரையை உண்டு, லாக்டிக் அமிலத்தையும் கரியமில வாயுவையும் வெளியிடுகிறது. அமிலம் புளிப்பு, வாயு பொங்கல். அந்த வாயுவை வெளியேவிடாமல் பிடித்து வைப்பது உளுந்தின் வழவழப்பு.

இந்த வேலை 30 டிகிரி அளவில் சுறுசுறுப்பாக நடக்கும். 15 டிகிரியில் ஏறக்குறைய படுத்துவிடும். 50 டிகிரியைத் தாண்டினால் உயிரே போய்விடும். சோடா உப்பு வாயுவைத் தரும், ஆனால் புளிப்பைத் தராது. மேலும் அது பி1 வைட்டமினை அழிக்கக் கூடியது.

ரஜாய் சூடு தருமா?

பாத்திரத்தை ரஜாயில் சுற்றி வைப்பது இங்கே வழக்கம். ரஜாய் சூட்டை உண்டாக்குவதில்லை. உள்ளே இருக்கும் சூட்டைக் காக்கும், அவ்வளவுதான். நாம் போர்த்திக்கொண்டால் நம் உடம்பு சூடு தருகிறது. மாவுக்கு அப்படிச் சொல்லும்படியான சூடு கிடையாது. குளிர்ந்த மாவைச் சுற்றி வைத்தால் குளிர்ச்சியே பத்திரமாக இருக்கும்!

ஒரு சிறு கணக்கு. 2 கிலோ மாவை 15 டிகிரியிலிருந்து 30 டிகிரிக்கு ஏற்ற ஏறத்தாழ 25 கிலோகலோரி வேண்டும். ஒரு லிட்டர் வெந்நீர் 65 டிகிரியிலிருந்து 40-க்கு இறங்கும்போது தருவதும் அதே 25-தான். வழியில் வீணாவதற்கு மிச்சமே இல்லை. ஆகவே மாவு தொடக்கத்திலேயே வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். வெந்நீர், இழக்கும் சூட்டை ஈடுகட்ட மட்டுமே.

செய்முறை

1. அரிசியை வெதுவெதுப்பான நீரில் 7 மணி நேரமும், உளுந்தையும் வெந்தயத்தையும் 4 மணி நேரமும் ஊற வைக்கவும்.

2. அரைக்கும் நீரும் கை பொறுக்கும் வெதுவெதுப்பில் இருக்கட்டும். கோடையில் மட்டும் மிக்ஸிக்குக் குளிர்ந்த நீர்.

3. பழைய மாவு ஒரு கரண்டி இருந்தால் கலக்கவும். பாத்திரத்தில் பாதிக்கு மேல் நிரப்ப வேண்டாம்.

4. மூடியுள்ள ஒரு தெர்மாகோல் பெட்டியில் வைத்து, பக்கத்தில் இரண்டு வெந்நீர் பாட்டில்கள் வைக்கவும். படுக்கப் போகும்முன் ஒரு முறை, விடிகாலையில் ஒரு முறை நீரை மாற்றவும். பெட்டி மொசைக் தரையில் வேண்டாம், மரப்பலகை மேல் இருக்கட்டும்.

5. ஓவன் உள்ளவர்கள் அதன் விளக்கை மட்டும் போட்டு உள்ளே வைக்கலாம். ஆனால் அது பழைய இழை பல்பாக இருக்க வேண்டும். எல்இடி விளக்கின் சூடு போதாது.

எங்கள் வீட்டில் இம்முறையில் 14 மணி நேரத்தில் மாவு இரு மடங்காகியது. மணியை மட்டும் நம்பாமல், பாத்திரத்தில் அடையாளமிட்டு மட்டத்தைப் பாருங்கள். அன்று அம்மா இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு, "உப்பு கொஞ்சம் தூக்கல்" என்று குறை சொன்னார். பல வாரங்களுக்குப் பின் சாப்பாட்டைப் பற்றி அவர் பேசிய முதல் வார்த்தை அது. மருமகள் உடனே நோட்டில் குறித்துக்கொண்டாள்: உப்பு, கால் கரண்டி குறைவு.

நம் வீட்டுப் பெரியவர்களின் கைப்பக்குவம் எங்கும் அச்சாகவில்லை. அவர்கள் அரைக்கும்போது அருகில் நின்று, டம்ளர் கணக்கிலும் மணிக் கணக்கிலும் எழுதி வையுங்கள். நாளை அந்த நோட்டைப் பார்த்துச் சமைப்பவருக்குத் தமிழ் தெரியாமலும் இருக்கலாம். ஆகவே இந்தியிலும் ஒரு பிரதி எடுத்து வைப்பது நல்லது.