மின்சாரப் பல் பிரஷ்: அறிந்து வாங்குவோம், அறிந்து விற்போம்



பல்பொடி, பற்பசை, பிரஷ் ஆகிய மூன்றும் நமது மளிகைக் கடைகளில் ஆண்டு முழுவதும் ஓடுகிற சரக்கு. தாமிரபரணிக் கரை ஊர்களில் ஒரு காலத்தில் வேப்பங்குச்சியும் உமிக்கரியும் காசில்லாமல் கிடைத்தன. படித்துறைக்குக் குளிக்கப் போகிறவர் போகும் வழியிலேயே பல் விளக்கிவிடுவார். பிறகு கோபால் பல்பொடி, நஞ்சன்கூடு பல்பொடி என்று கடைச் சரக்கு வந்தது. அதற்குப் பின் நைலான் பிரஷும் பற்பசையும் வீட்டுக்கு வீடு நுழைந்தன. இப்போது மின்சார பிரஷின் முறை. சென்னை, பெங்களூர், வளைகுடா நாடுகள் என்று பிள்ளைகள் வேலை பார்க்கும் வீடுகளில் இதைக் காணலாம். அதைப் பார்த்தவர்கள் நம்மிடம் வந்து, "அண்ணாச்சி, இது நல்லதா, வாங்கலாமா?" என்று கேட்கிறார்கள். கேட்பவருக்குச் சரியான பதில் சொல்ல வேண்டுமானால் நாம் முதலில் விஷயத்தைத் தெரிந்திருக்க வேண்டும். அதற்காகவே இக்கட்டுரை.

வந்த விதம்

மின்சார பிரஷ் நேற்று வந்த பொருள் அல்ல. 1954-ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தில் பிலிப் கை வூக் என்பவர் "பிராக்சோடென்ட்" என்ற பெயரில் இதை உருவாக்கினார். கையை நன்றாக அசைக்க இயலாத நோயாளிகளுக்கும், பல்லில் கம்பி கட்டியவர்களுக்கும் உதவ வேண்டும் என்பதே நோக்கம். 1960-இல் இது அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. அடுத்த ஆண்டு ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் ஒயர் இல்லாத பிரஷைக் கொண்டு வந்தது.

இன்று விற்பவற்றில் முக்கியமானவை இரண்டு வகை. ஒன்று, சிறிய வட்டத் தலை இடமும் வலமுமாக மாறி மாறிச் சுழல்வது. மற்றது, சாதாரண பிரஷ் போன்ற நீளத் தலை அதிவேகமாக அதிர்வது. இதை "சோனிக்" என்கிறார்கள். இதில் நிமிடத்துக்கு 31,000 அசைவுகள் என்று குறிப்பிடப்படுபவையும் உண்டு.

பல்லுக்கு என்ன நன்மை?

பல்லின் மேலும் ஈறு ஓரத்திலும் கிருமிகள் சேர்ந்து வழுவழுப்பான படலமாகப் படிகின்றன. நமது அல்வாவைப் போல் பல்லில் ஒட்டும் இனிப்புகள் இக்கிருமிகளுக்கு நல்ல தீனி. அவை இனிப்பை அமிலமாக மாற்றுவதால்தான் சொத்தை விழுகிறது. படலத்தைத் தினமும் அகற்றாவிட்டால் எச்சிலிலுள்ள சுண்ணாம்புச் சத்துடன் சேர்ந்து காரையாக இறுகிவிடும். ஈறு வீங்கும், துலக்கும்போது ரத்தம் கசியும். அதையும் கவனிக்காமல் விட்டால் பல்லைத் தாங்கும் எலும்பு கரைந்து, சொத்தை இல்லாத பல்லும் ஆட்டம் கண்டு விழுந்துவிடும். இறுகிய காரையை எந்த பிரஷாலும் எடுக்க முடியாது. பல் டாக்டர்தான் சுத்தம் செய்ய வேண்டும்.

உலகெங்கும் நடந்த மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு, சாதாரண பிரஷையும் மின்சார பிரஷையும் ஒப்பிட்டு 2014-இல் அறிக்கை வெளியிட்டது. மூன்று மாதத்துக்கு மேல் மின்சார பிரஷ் உபயோகித்தவர்களிடம் படலம் 21 சதவிகிதமும், ஈறு அழற்சி 11 சதவிகிதமும் கூடுதலாகக் குறைந்திருந்தன என்பது அதன் முடிவு. ஆகவே ஆதாயம் உண்டு, அதிசயம் இல்லை. சாதாரண பிரஷால் முறையாக இரண்டு நிமிடம் துலக்குகிறவர் இதை வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை.

யாருக்கு இது உண்மையில் உதவும்? மூட்டு வலியால் விரல் மடங்காத முதியவர்கள், பக்கவாதத்தால் கை சரியாக வராதவர்கள், பிறர் பல் துலக்கிவிட வேண்டிய நிலையில் இருப்பவர்கள், பல்லில் கம்பி கட்டிய பிள்ளைகள், அவசர அவசரமாக அரை நிமிடத்தில் முடித்துவிடுபவர்கள். கடையில் கேட்பவரிடம், "யாருக்கு வாங்குகிறீர்கள்?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் பாதி பதில் அங்கேயே கிடைத்துவிடும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

1. மாற்றுத் தலை: இதுவே முதல் விஷயம். தலையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை, தூரிகை விரிந்துவிட்டால் அதற்கும் முன்பே, மாற்ற வேண்டும். கணக்கு ஒன்று பார்ப்போம். பிரஷ் 900 ரூபாய், தலை 200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கூட வரும் ஒரு தலை போக முதல் வருடம் இன்னும் மூன்று தலை வாங்க வேண்டும். மொத்தச் செலவு 1,500 ரூபாய். மறு வருடம் நான்கு தலைக்கு 800 ரூபாய். வாங்குபவருக்கு இந்தக் கணக்கை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். தலை கிடைக்காத பிரஷ் மூன்று மாதச் சரக்குதான். ஒரு கம்பெனியின் தலை மற்றொன்றுக்குச் சேராது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

2. தூரிகை: "சாஃப்ட்" என்று குறித்ததே வேண்டும். முரட்டுத் தூரிகை ஈறை இறக்கிவிடும்.

3. பேட்டரி: பென்சில் செல் போடுபவை விலை மலிவு, செல் தீரத் தீர வேகம் குறையும். சார்ஜ் செய்பவை விலை கூடுதல், உழைப்பும் கூடுதல். இவற்றில் பலவற்றைச் சார்ஜர் மேல் நிறுத்தினாலே போதும். உலோகம் உலோகத்தைத் தொடாமல் காந்தப் புலத்தின் வழியே மின்சாரம் ஏறும்.

4. வோல்டேஜ்: வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டு வந்ததானால் சார்ஜரின் அடியில் பார்க்கவும். 100-240 என்றிருந்தால் நம் ஊருக்கு ஒத்து வரும். அமெரிக்காவுக்கென்று 110 அல்லது 120 வோல்ட் மட்டும் குறித்ததை நமது 230 வோல்ட்டில் மாட்டினால் எரிந்துவிடும்.

5. இரண்டு நிமிடக் கணக்கு காட்டும் வசதியும், அதிகமாக அழுத்தினால் எச்சரிக்கும் வசதியும் உபயோகமானவை. செல்போனுடன் இணைப்பது, ஐந்தாறு விதமான வேகங்கள் முதலியவை இல்லாவிட்டால் நஷ்டம் ஒன்றும் இல்லை.

உபயோகிக்கும் முறை

பட்டாணி அளவு பற்பசை போதும். பிரஷை வாயில் வைத்த பிறகே சுவிட்சைப் போட வேண்டும். இல்லாவிட்டால் பசை சட்டையெல்லாம் தெறிக்கும். வாயை நான்கு பாகமாகப் பிரித்து, பாகத்துக்கு அரை நிமிடம். சாதாரண பிரஷைப் போல முன்னும் பின்னும் தேய்க்கக் கூடாது. வட்டத் தலையை ஒவ்வொரு பல்லிலும் இரண்டு மூன்று விநாடி நிறுத்தி, ஈறு ஓரத்தை ஒட்டி மெதுவாக நகர்த்தினால் போதும். வேலையை மோட்டார் செய்யும். நாம் பிடித்தால் மட்டும் போதும். வெளிப்புறம், உட்புறம், மெல்லும் பக்கம் மூன்றும் முடிய வேண்டும். காலையிலும் இரவு படுக்கும் முன்பும் இருவேளை துலக்க வேண்டும்.

கரித்தூள், உப்புத்தூள், நறநறப்பான பல்பொடி ஆகியவற்றை இதில் போட்டுத் தேய்க்கவே கூடாது. பல்லின் மேற்பூச்சு தேய்ந்து கூச்சம் வந்துவிடும். முடிந்ததும் தலையைக் கழற்றிக் கழுவி, ஈரம் உலர நிறுத்தி வைக்கவும். சார்ஜரைத் தண்ணீர் தெறிக்கும் இடத்தில் வைக்காதீர்கள். பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் தங்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்வது நல்லது. ஒரே பிரஷை வீட்டில் பலர் உபயோகிக்கலாம். ஆனால் தலை ஆளுக்கு ஒன்று வேண்டும்.

கடைக்காரர் கவனத்துக்கு

முதலில் தலையை ஸ்டாக் வையுங்கள், பிறகு பிரஷை. தலை தொடர்ந்து சப்ளை செய்ய இயலாத கம்பெனியின் சரக்கை எவ்வளவு கமிஷன் கிடைத்தாலும் எடுக்க வேண்டாம். இறக்குமதிச் சரக்கில் எம்.ஆர்.பி., மாதம், வருடம், இறக்குமதியாளர் பெயர், முகவரி, தயாரித்த நாடு, புகார் தெரிவிக்கும் எண் ஆகியவை அச்சிடப்பட்டிருக்க வேண்டும். இவை இல்லாத டப்பாவுக்கு நாளை பதில் சொல்ல வேண்டியவர் நாம்தான். பில்லும் வாரன்டி கார்டும் கையில் கொடுங்கள்.

பற்பசை, பல்பொடி, சாதாரண பிரஷ் ஆகியவற்றுக்கு ஜி.எஸ்.டி. 22-9-2025 முதல் 5 சதவிகிதம். மின்சார பிரஷும் பிரஷ்தானே என்று அதே வரியைப் போட்டுவிடாதீர்கள். அது மின்சாதனத் தலைப்பில் வருவது. சப்ளையர் பில்லிலுள்ள எச்.எஸ்.என். எண்ணை உங்கள் கணக்கரிடம் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள்.

புளோரைடு கலந்த பற்பசையில் அதன் அளவு பத்து லட்சத்தில் 1,000 பங்குக்கு மேல் போகக் கூடாது என்பதும், அளவை டியூபில் குறிக்க வேண்டும் என்பதும் சட்டம். புகையிலை கலந்த பல்பொடியையும் பற்பசையையும் மத்திய அரசு 1992-இலேயே தடை செய்துவிட்டது. எவர் கொண்டு வந்து கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். "ஈறில் ரத்தம் வருகிறது" என்று வருபவருக்குக் கிராம்புத் தைலமோ, விலை கூடிய பிரஷோ கொடுத்து அனுப்புவது வியாபாரம் ஆகலாம், நியாயம் ஆகாது. ஒழுங்காகத் துலக்கியும் இரண்டு வாரத்தில் ரத்தம் நிற்கவில்லை என்றால் பல் டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். வசதி இல்லாதவருக்குப் பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு மருத்துவமனை இருக்கிறது. சர்க்கரை நோய் உள்ளவருக்கு ஈறு நோய் எளிதில் வரும். ஈறு கெட்டால் சர்க்கரையும் கட்டுக்குள் நிற்காது. பீடி, சிகரெட் பிடிப்பவருக்கு ஈறில் ரத்தம் வராமலே நோய் உள்ளுக்குள் வளரும். ரத்தம் வரவில்லை என்று அவர்கள் நிம்மதியாக இருந்துவிடக் கூடாது.

இந்த அறிவுரை நமக்கும் பொருந்தும். காலை ஐந்து மணிக்குக் கடை திறந்து, இரவு பதினொரு மணிக்குச் சாப்பிட்டு, வெற்றிலையோடு படுக்கப் போகிறவர்கள் நம்மில் அதிகம். படுக்கும் முன் அந்த இரண்டு நிமிடத்தை ஒதுக்குவோம்.

பெரிய சூப்பர் மார்க்கெட்டிலும், வீட்டு வாசலில் கொண்டு வந்து கொடுக்கும் கம்பெனிகளிடமும் இதே பிரஷ் நம்மைவிடக் குறைந்த விலைக்கே கிடைக்கலாம். ஆனால், "உங்களுக்கு இது தேவையில்லை, பத்து ரூபாய் குறைந்த சாதாரண பிரஷே போதும்" என்று முகம் பார்த்துச் சொல்ல அங்கே ஆள் இல்லை. அதைச் சொல்கிற அண்ணாச்சியின் கடையைத் தேடித்தான் வாடிக்கையாளர் திரும்ப வருவார்.