பறவைகளின் வரைபடமா, பார்ப்போரின் வரைபடமா?

நம் மாவட்டத்தில் பறவை பார்க்கக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் சுசீந்திரம், தேரூர் குளங்களுக்கே போவார்கள். அந்தப் பதிவுகளை மட்டும் வைத்துப் பரவல் வரைபடம் வரைந்தால், ஆட்கள் போன இடங்கள்தான் அதில் தெரியும். கேரளத்தில் 2015 முதல் 2020 வரை நடந்த பறவை வரைபடப் பணியில் நிலத்தைக் கட்டங்களாகப் பிரித்து, தேர்ந்தெடுத்த கட்டங்களில் 15 நிமிடக் கணக்கெடுப்புகள் நடத்தினார்கள்.

வகுப்பிலும் இதைச் செய்யலாம். ஊர் வரைபடத்தில் கட்டம் போடுங்கள். வயலோ, தென்னந்தோப்போ, ரப்பர் தோட்டமோ, சீட்டில் வந்த கட்டத்துக்கே குழு போகட்டும். குளக்கரை என்றால் ஆசிரியரும் உடன் செல்ல வேண்டும். முதலில் மடையான், மைனா, மீன்கொத்தி போதும்.

மடையானைக் காணவில்லை என்று எழுதப் பிள்ளைகள் தயங்குவார்கள். பாடமே அங்குதான் இருக்கிறது. தேடியும் காணாத கட்டத்தில் பூச்சியம் இடட்டும். யாரும் போகாத கட்டம் வெறுமையாகவே இருக்கட்டும்.