வெள்ளைப் பந்து எங்கே நிற்கும்?

கேள்வி: பூல் ஆட்டத்தில் உண்மையான தேர்ச்சி என்பது யாது?
— ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: அரிய அடிகளை அடித்துக் கரகோஷம் பெறுவதில் அன்று, அத்தகைய அடிக்கே அவசியம் நேராதவாறு வெள்ளைப் பந்தை ஒவ்வொரு முறையும் உரிய ஸ்தானத்தில் நிறுத்துவதில்தான் அது அடங்கியிருக்கிறது. நாஞ்சில் நாட்டுத் திண்ணைகளில் கேரம் ஆடுவோர், காயைக் குழியில் தள்ளியபின் ஸ்டிரைக்கரை எடுத்து மீண்டும் கோட்டில் வைத்துக்கொள்ளலாம். பூலிலோ வெள்ளைப் பந்து நின்ற இடத்திலிருந்தே அடுத்த அடியையும் அடித்தாக வேண்டும். அப்பந்தின் மையத்துக்குக் கீழே கோல்முனை தொட்டால், எதிர்ப்பந்தை நேராக மோதியதும் அது பின்வாங்கும். மேலே தொட்டால் தொடர்ந்து ஓடும். சுழற்சியின்றி வழுக்கிச் சென்று மோதினால் மோதிய இடத்திலேயே நிற்கும். இம்மூன்றையும் கைவசப்படுத்தி, மூன்று பந்துகளுக்கு அப்பாலும் யோசிப்பவனே நிபுணன்.

பூலின் உறவான ஸ்நூக்கரின் விதிகள் 1882-ல் நம் உதகமண்டலம் கிளப்பில் வகுக்கப்பட்டன. 1958-ல் நம் நாட்டு ஆட்டக்காரரான வில்சன் ஜோன்ஸ் கல்கத்தாவில் உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் பட்டத்தை வென்றார். ஆகவே இக்கலை நமக்கு அந்நியமன்று. நித்தமும் நேரான அடி ஒன்றை இம்மூன்று விதமாகவும் பொறுமையுடன் அப்பியாசம் செய்யுங்கள்; தேர்ச்சி நிச்சயம் கைகூடும்.