இரண்டு மொழி கேட்டு வளரும் பாப்பாவின் பேச்சைக் கணக்கிடுவது எப்படி?

உங்க வீட்டில் 2 வயதுப் பாப்பா இருக்கா? அது எத்தனை சொல் பேசுது என்று கேட்டால் அம்மா ஒரு எண் சொல்வார், பாட்டி இன்னொன்று, அங்கன்வாடி டீச்சர் வேறொன்று. மூன்றுமே சரியாக இருக்கலாம்! ஆற்காடு, மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு போன்ற தோல் தொழில் ஊர்களில் பல வீடுகளுக்குள் உருது, தெருவிலும் அங்கன்வாடியிலும் தமிழ். சில வீடுகளில் தெலுங்கு. அம்மா ஷூ கம்பெனிக்குப் போய்விட்டால் பகலெல்லாம் பார்த்துக்கொள்பவர் பாட்டி. குழந்தையின் முழுப் பேச்சையும் கேட்கும் ஒரே ஆள் என்று யாரும் இல்லை.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். பாப்பாவுக்கு உருதில் 12 சொல், தமிழில் 9 சொல் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். டீச்சர் காதில் விழுவது 9 தான். "பேச்சு ரொம்ப கம்மியா இருக்கே" என்பார். அவர் மேல் தப்பில்லை. ஆனால் பாப்பாவின் கையிருப்பு 21 சொல். இரு மொழிகளையும் கூட்டித்தான் பார்க்க வேண்டும். 2 வயதில் இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேசுகிறதா என்று மருத்துவர்கள் கேட்பார்கள். "பானி வேணும்" என்று உங்கள் குழந்தை சொன்னால் அது இரண்டு சொல் வாக்கியமேதான். கலந்து பேசுவது குழப்பம் அல்ல. இருமொழிக் குழந்தைகள் எல்லா ஊரிலும் அப்படித்தான் பேசுகிறார்கள்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. அதுதான் எனக்குக் கூடுதல் கவலை. "ரெண்டு பாஷை கேக்குற புள்ள, லேட்டாத்தான் பேசும், விடுங்க" என்று பெரியவர்கள் ஆறுதல் சொல்வார்கள். இரண்டு மொழி கேட்பதால் பேச்சுக் குறைபாடு வராது. ஆகவே அதைக் காரணமாக வைத்துக் காத்திருக்கவும் கூடாது. 1 வயதில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, ஒன்றரை வயதில் வேண்டியதை விரல் நீட்டிக் காட்டவில்லை, 2 வயதில் எந்த மொழியிலும் இரண்டு சொல் சேரவில்லை என்றால் காட்டிவிடுங்கள். பேசிக்கொண்டிருந்த சொற்கள் நின்றுபோனால், எந்த வயதானாலும், உடனே. முதல் பரிசோதனை பெரும்பாலும் காதுக்குத்தான் இருக்கும். காது சரியாகக் கேட்காத குழந்தைக்கு எந்த மொழியும் வராது இல்லையா?

நடப்பதில் பக்கத்து வீட்டுப் பாப்பாவோடு ஒப்பிட்டுப் பதறாதீர்கள். தனியாக நடக்கத் தொடங்குவது சுமார் 8 மாதத்துக்கும் 18 மாதத்துக்கும் இடையில் எப்போது வேண்டுமானாலும் நிகழலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு.

எப்படிக் கவனிப்பது? வேலூர் சி.எம்.சி. ஆய்வாளர்கள் 'மால்-எட்' என்ற 8 நாட்டு ஆய்வில், பிறந்த குழந்தைகளின் வீட்டுக்கு வாரம் இருமுறை ஆள் அனுப்பி விவரம் எழுதினார்கள்; 6, 15, 24 மாதங்களில் வளர்ச்சியை அளந்தார்கள். ஒரே குழந்தையைத் திரும்பத் திரும்பப் பார்த்தால்தான் மாற்றம் தெரியும். உங்களுக்கு அவ்வளவு வேண்டாம். போனில் மாதம் ஒரு குறிப்பு போதும்: தேதி, புதுச் சொல், எந்த மொழி, யாரிடம் சொன்னது. பாட்டிக்கு எழுத வராதா? வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பச் சொல்லுங்கள். விளையாடும்போது ஒரு நிமிட வீடியோ எடுங்கள். "சொல்லு, சொல்லு" என்று கேட்டு எடுத்தால் குழந்தை வாயை மூடிக்கொள்ளும். அந்த வீடியோ ஸ்டேட்டஸில் போடுவதற்கு அல்ல.

அங்கன்வாடியில் 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' பாடத்திட்டத்தில் பாட்டு, கதை, விளையாட்டு நடக்கும்போதே டீச்சர் குழந்தையைக் கவனிக்கிறார். இங்கே பரீட்சை இல்லை, ரேங்க்கும் இல்லை. வீட்டில் பேசும் சொற்களை அவரிடம் சொல்லிவையுங்கள். 'பானி', 'தூத்' என்றால் என்னவென்று அவருக்குத் தெரிந்தால் குழந்தைக்கும் நல்லது.

தேசிய சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடிக்கு வர வேண்டும். எப்போது வருகிறது என்று டீச்சரிடம் கேளுங்கள். அன்று குழந்தையைக் கட்டாயம் அனுப்புங்கள். அதுவரை பொறுக்க முடியாதென்றால் ஆரம்ப சுகாதார நிலையம், அல்லது 104 எண். அங்கிருந்து மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள், சிகிச்சை இலவசம். 2019-இல் வேலூர் மாவட்டம் பிரிந்ததால் ஆற்காடு இப்போது ராணிப்பேட்டை மாவட்டம், ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டம். எந்த மையம் என்று முன்னரே கேட்டுக்கொள்ளுங்கள். போகும்போது தாய் சேய் நல அட்டையும், அந்த போன் குறிப்புகளும் இருக்கட்டும். முடிந்தால் பாட்டியையும் அழைத்துப் போங்கள். பகல் முழுக்க பாப்பா பேசுவதைக் கேட்டவர் அவர்தானே.