படத்தொகுப்பில் குறிகள்: நேரத்துக்கு உரியவையா, காட்சிக்கு உரியவையா?

முன்னுரை

படத்தொகுப்பு என்றால் வெட்டுவதும் ஒட்டுவதும் மட்டுமே என்று பலர் எண்ணுகின்றனர். எதை எங்கே வைத்தோம் என்பதைத் தவறாமல் அறிந்திருப்பதும் அக்கலையின் ஒரு பகுதியே. அதற்குத் துணை செய்பவை குறிகள். இவற்றை ஆங்கிலத்தில் மார்க்கர் என்பர். பெரியகுளத்திலிருந்து கும்பக்கரை வழியாகப் பெருமாள்மலைக்கு ஏறும் பாதையில் உள்ளது எங்கள் ஊராகிய அடுக்கம். ஊர்ப் பெரியவர்கள் சிலரின் பேச்சை ஒளிப்பதிவு செய்து, நண்பர்களுடன் சேர்ந்து ஒரு குறும்படமாகத் தொகுத்தபோது இப்பொருளைக் கற்றேன். கற்றவற்றுள் பயன் தருவனவற்றை இங்கே கூறுகிறேன்.

பிலிம் காலத்துக் குறி

முன்னாளில் தொகுப்பாளர் பிலிம் சுருளின் மேலேயே மெழுகுப் பென்சிலால் குறியிட்டார். 35 மில்லிமீட்டர் பிலிமில் ஓர் அடிக்கு 16 படச்சட்டங்கள். நெகடிவின் ஓரத்தில் அடிதோறும் எண்ணும் பதிந்திருக்கும். சுருளை எங்கு வெட்டி எங்கு ஒட்டினாலும் குறியும் எண்ணும் அதனுடனேயே சென்றன. பின்னர்க் கணிப்பொறி வந்தது. 1994-இல் வெளிவந்த ‘மகாநதி’, ஏவிட் முறையில் தொகுக்கப்பட்ட முதல் இந்தியப் படமாகக் குறிப்பிடப்படுகிறது. கணிப்பொறியில் படத்துண்டுகள் ஒரு காலக்கோட்டின்மீது வரிசையாக நிற்கின்றன. எனவே, துண்டின்மீது மட்டுமன்றிக் கோட்டின்மீதும் குறியிடும் வசதி பிறந்தது. சிக்கலும் அங்கேதான் பிறந்தது.

இருவகைக் குறிகள்

எங்கள் மலைப்பாதையில் நிற்கும் மைல்கல் தூரத்துக்கு உரியது. எந்த வண்டி போனாலும் அது அசையாது. காப்பி மூட்டையின்மேல் எழுதிய பெயரோ மூட்டைக்கு உரியது. மூட்டை போகுமிடமெல்லாம் அதுவும் போகும். காலக்கோட்டுக் குறி மைல்கல் போன்றது. துண்டுக்குறி மூட்டைமேல் எழுதிய பெயர் போன்றது.

இலக்கணம் பயில்வோருக்கு வேறோர் உவமையும் கூறலாம். “இராமன் பாம்பைக் கண்டான்” என்பதைப் “பாம்பை இராமன் கண்டான்” என மாற்றினாலும் ‘ஐ’ உருபு பாம்பை விட்டு நீங்குவதில்லை. வேற்றுமை உருபு சொல்லோடு ஒட்டியது. வாக்கியத்தில் அச்சொல் நிற்கும் இடத்தோடு ஒட்டியதன்று. துண்டுக்குறியும் அத்தகையதே.

ஒரு கணக்கு

படத்தின் தொடக்கத்தில் பேருந்து மலையேறும் காட்சி 30 விநாடி ஓடுகிறது எனக் கொள்வோம். 2 நிமிடம் 10 விநாடியில் ஒரு பாட்டி பேசத் தொடங்குகிறார். 15 விநாடி பேசுகிறார். 2 நிமிடம் 25 விநாடியில் காப்பித் தோட்டத் தொழிலாளி ஒருவர் தொடங்குகிறார். இவ்விரு இடங்களிலும், அவரவர் பெயரைத் திரையில் காட்டுவதற்காகக் காலக்கோட்டில் குறியிடுகிறோம்.

இப்போது பேருந்துக் காட்சியில் 20 விநாடியை நீக்கி, இடைவெளியையும் மூடுகிறோம். பின்னுள்ள துண்டுகள் யாவும் 20 விநாடி முன்னே வருகின்றன. பாட்டியின் பேச்சு 1 நிமிடம் 50 விநாடியில் தொடங்கி, 2 நிமிடம் 5 விநாடியில் முடிந்துவிடுகிறது. பாட்டிக்கு இட்ட குறியோ 2 நிமிடம் 10 விநாடியிலேயே நிற்கிறது. அங்கே திரையில் இருப்பவர் தொழிலாளி. குறியை நம்பிப் பெயரைப் பதித்தால், தொழிலாளியின் முகத்துக்குக் கீழே பாட்டியின் பெயர் வரும். அவர் சொன்ன சொல்லும் பாட்டியின் சொல்லாகிவிடும். ஊரை அறியாதவர் இதைக் கண்டுபிடிக்க இயலாது. ஒருவர் சொல்லை இன்னொருவர் பெயரில் ஏற்றுவது சிறு பிழையன்று.

மென்பொருள்கள் தரும் வழி

அடோபி பிரீமியர் புரோவில், மார்க்கர் பட்டியலில் ‘ரிப்பிள் சீக்குவன்ஸ் மார்க்கர்ஸ்’ என்றொரு தேர்வு உண்டு. அதை இயக்கிவிட்டு இடைவெளி மூடும் வகையில் வெட்டினால், பின்னுள்ள குறிகளும் துண்டுகளோடு நகரும். நம் கணக்கில் 2:10 என்பது 1:50 ஆகும். 2:25 என்பது 2:05 ஆகும். டாவின்சி ரிசால்விலும் இத்தகைய தேர்வு உள்ளது. கட்டணமின்றிக் கிடைக்கும் கேடன்லைவில் இக்குறிகளை ‘கைடு’ என்பர். அவற்றின் பூட்டைத் திறந்துவிட்டால், ஸ்பேஸர் கருவியால் துண்டுகளை நகர்த்தும்போது அவையும் உடன் நகரும். ஃபைனல் கட் புரோவிலோ குறிகள் துண்டுகளையே பற்றி நிற்கின்றன.

ஆயினும் இங்கு ஓர் எச்சரிக்கை வேண்டும். பாட்டியின் பேச்சைத் தனியே எடுத்துப் படத்தின் இறுதியில் வைப்பதாயின், காலக்கோட்டுக் குறி அதைத் தொடர்ந்து செல்லும் என நம்புதல் கூடாது. அதற்குத் துண்டுக்குறியே ஏற்றது. பிரீமியரில் துண்டைத் தேர்ந்தெடுத்துவிட்டு ‘எம்’ விசையை அழுத்தினால் குறி துண்டின்மேல் விழும்; எதையும் தேர்ந்தெடுக்காமல் அழுத்தினால் காலக்கோட்டின்மேல் விழும்.

நகரக் கூடாத குறிகள்

எல்லாக் குறிகளும் நகர வேண்டும் என்பதும் தவறு. படம் 10 நிமிடத்தைத் தாண்டலாகாது என்பது போட்டி விதியாயின், பத்தாம் நிமிடத்தில் இட்ட குறி அசையக் கூடாது. பூட்டிய தடத்தில் ஒரு பாடலை வைத்து, அதன் தாளத்துக்கு இட்ட குறிகளும் அவ்வாறே. பாடல் நிற்கக் குறி மட்டும் நகர்ந்தால் தாளம் தவறும். ஆகவே, மேற்கண்ட தேர்வை ஒருமுறை இயக்கிவிட்டு மறந்துவிடுதல் நன்றன்று. வெட்டுவதற்கு முன் அது எந்நிலையில் உள்ளது எனப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முடிவுரை

குறியிடுமுன் ஒரு வினாவை எழுப்பிக்கொள்ள வேண்டும்: இக்குறி நேரத்துக்கு உரியதா, காட்சிக்கு உரியதா? நேரத்துக்கு உரியதாயின் கோட்டில் இடுக. காட்சிக்கு உரியதாயின் துண்டில் இடுக. பெயர், மொழிபெயர்ப்பு வரி, பேசியவர் குறிப்பு ஆகிய மனிதர் சார்ந்த குறிகள் யாவும் துண்டுக்கே உரியவை என்பது என் கருத்து. வெட்டு முடிந்தபின் ஒவ்வொரு பெயரையும் முகத்தோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்தலும் வேண்டும். எந்த மென்பொருளும் பாட்டியின் முகத்தை அறியாது, நாம் அறிவோம்.