பழைய கம்ப்யூட்டர் கேபினட்டுக்கு அக்ரிலிக் ஜன்னல்: சில பயனுள்ள குறிப்புகள்

பண்ருட்டியிலிருந்து நெய்வேலி போகிற வழியில் இருக்கிறது காடாம்புலியூர். சுற்றிலும் முந்திரித் தோப்புகள், கொட்டை உடைக்கும் கூடங்கள், வறுக்கும் அடுப்புகள். அதோடு விக்கிரவாண்டி - தஞ்சாவூர் நெடுஞ்சாலையின் புழுதியும் சேர்ந்துகொள்கிறது. மேசைக்கடியில் ஓடும் கம்ப்யூட்டர் நாள் முழுக்க இந்தக் காற்றைத்தான் இழுக்கிறது. முந்திரி ஓட்டுப் புகையில் எண்ணெய்ப் பசை உண்டு. அது கலந்த தூசி ஊதினால் பறக்காது, ஃபேன் இறக்கைகளிலும் ஹீட்சிங்க் இடுக்குகளிலும் அப்பிக்கொள்ளும். கேபினட்டை இரும்புத் தகடு மூடியிருப்பதால் உள்ளே நடப்பது நமக்குத் தெரிவதில்லை. பழைய கேபினட்டுக்கு அக்ரிலிக் ஜன்னல் வைப்பதை வெறும் அலங்காரமாக நான் நினைக்கவில்லை. தூசி கண்ணில் பட்டால்தான் கை அதைத் துடைக்கப் போகும். கையால் செய்துகொள்ள விரும்புகிறவர்களுக்கு இந்தக் குறிப்புகள்.

1. கேபினட் பழசு என்பதற்காகக் கழித்துவிடாதீர்கள். இன்டெல் நிறுவனம் 1995-இல் கொண்டுவந்த ஏடிஎக்ஸ் அளவுமுறைதான் இன்றும் நடப்பில் இருக்கிறது. முழு ஏடிஎக்ஸ் மதர்போர்டு 305 × 244 மி.மீ., மைக்ரோ ஏடிஎக்ஸ் 244 × 244 மி.மீ. ஸ்க்ரூ ஓட்டைகளின் இடம் மாறாததால், இருபது வருடத்துக்கு முந்தைய கேபினட்டில் இன்றைய போர்டும் உட்காரும். சில கம்பெனிகளின் அலுவலக மாடல்கள் மட்டும் தனி அளவில் செய்யப்பட்டவை. அவற்றில் வேலையைத் தொடங்குமுன் போர்டை வைத்துப் பார்த்துவிடுங்கள்.

2. ஷீட்டை முழுதாக வாங்க வேண்டியதில்லை. பெயர்ப்பலகை செய்யும் கடைகளில் 8 × 4 அடி ஷீட்டை வெட்டி மீந்த துண்டுகள் கிடக்கும். பண்ருட்டியிலோ கடலூரிலோ அப்படிப்பட்ட கடையில் 3 மி.மீ. துண்டு என்று கேளுங்கள். 2 மி.மீ. வளையும், அதிரும். 5 மி.மீ. கையால் வெட்டச் சிரமம். இன்னொரு வழியும் இருக்கிறது. 2020-இல் கொரோனாவுக்காகக் கடை, அலுவலகக் கவுண்டர்களில் வைத்த தடுப்புகளில் பல அக்ரிலிக்தான். கழற்றி மூலையில் சாத்திய தடுப்பு ஒன்று கிடைத்தால் இரண்டு கேபினட்டுக்குக் காணும். லேசான கீறல்களைப் போக்க வழி இருக்கிறது, 15-ஆம் குறிப்பைப் பாருங்கள்.

3. பக்கத் தகட்டையே எடுத்துவிட்டு முழுவதும் அக்ரிலிக் போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பழைய தகடுகளின் விளிம்பில் மடித்த கொக்கிகள் இருக்கும். அவைதான் சட்டத்தில் சறுக்கிப் பூட்டிக்கொள்கின்றன. அக்ரிலிக்கில் அந்தக் கொக்கிகளை வீட்டில் செய்ய முடியாது. தவிர, இரும்புப் பெட்டிதான் மின்கசிவை எர்த்துக்குக் கொண்டுபோகிறது, மதர்போர்டின் இரைச்சல் பக்கத்து ரேடியோவைத் தொடாமல் தடுப்பதும் அதுதான். தகட்டை வைத்துக்கொண்டு, அதில் ஜன்னல் மட்டும் திறங்கள். சுற்றிலும் 3 செ.மீ. இரும்பு நிற்கட்டும்.

4. இரும்பை வெட்டுமுன் தகட்டைக் கழற்றி வேறிடத்துக்குக் கொண்டுபோங்கள். இரும்புத் தூள் ஒரு சிட்டிகை மதர்போர்டில் விழுந்தாலும் ஷார்ட் ஆகிவிடும். நான்கு மூலையிலும் ஓட்டை போட்டு, ஆக்ஸா பிளேடால் மெதுவாக அறுக்கலாம். அவ்வளவு பொறுமை இல்லையென்றால் கிரில் பட்டறையில் கொடுங்கள். மெல்லிய கட்டிங் வீல் போட்டுச் சில நிமிடங்களில் முடித்துவிடுவார்கள்.

5. வெட்டிய விளிம்பை அரத்தால் தேய்த்து, ரெட் ஆக்சைடு ஒரு கை அடியுங்கள். கடலூர் துறைமுகம், பரங்கிப்பேட்டைப் பக்கம் இருப்பவர்கள் இதை விடவே கூடாது. உப்புக் காற்று பச்சை இரும்பைச் சீக்கிரம் தின்றுவிடும். காய்ந்த பிறகு விளிம்பில் ரப்பர் பீடிங் செருகினால் கையையும் கிழிக்காது.

6. அக்ரிலிக்கைக் கண்ணாடிபோல ஒரே கீறலில் உடைக்க முடியாது. மேலே ஒட்டியிருக்கும் பேப்பரையோ பிளாஸ்டிக் தாளையோ உரிக்காமல், இரும்பு ஸ்கேலை அழுத்திப் பிடித்து, கட்டரால் ஒரே கோட்டில் திரும்பத் திரும்பக் கீறுங்கள். ஷீட்டின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆழம் வந்ததும், கோட்டை மேசை விளிம்பில் வைத்துச் சட்டென்று அழுத்தினால் நேராக உடையும். அந்த ஆழம் வருமுன் அவசரப்பட்டால் கோணலாகப் பிளந்துகொள்ளும். வட்டம், வளைவு வேண்டுமென்றால் லேசர் கட்டிங் கடைதான் சரி. ஜன்னல் துவாரத்தைவிட ஒவ்வொரு பக்கமும் ஒன்றரை செ.மீ. பெரிதாக வெட்டுங்கள். தகட்டின் உள்பக்கம் வைத்துப் பொருத்த அந்த இடம் வேண்டும்.

7. டிரில் போடும்போது அடியில் மரக்கட்டை வைத்து, வேகத்தைக் குறைத்து, அழுத்தாமல் இறக்குங்கள். வேகம் கூடினால் சூட்டில் உருகி பிட்டில் ஒட்டும், அழுத்தம் கூடினால் மறுபக்கம் வெடிக்கும். ஓட்டை விளிம்பிலிருந்து ஒரு செ.மீ.யாவது உள்ளே இருக்கட்டும்.

8. பலர் தவறவிடும் விஷயம் இது. அக்ரிலிக் சூட்டில் இரும்பைவிடப் பல மடங்கு நீளும். மார்கழிக் காலையில் பொருத்திய 40 செ.மீ. ஷீட், சித்திரை மதியத்தில் முக்கால் மி.மீ. வரை நீண்டுவிடும். 3 மி.மீ. ஸ்க்ரூவுக்கு 3 மி.மீ. ஓட்டையே போட்டால் நீள இடமில்லாமல் ஓட்டையைச் சுற்றி விரிசல் விடும். 4 மி.மீ. ஓட்டை போடுங்கள். பழைய சைக்கிள் டியூபில் வாஷர் வெட்டி இரண்டு பக்கமும் வைத்து, கையிறுக்கமாக மட்டும் முடுக்குங்கள். அதே வாஷர் ஃபேன் அதிர்வின் கடகட சத்தத்தையும் குறைக்கும்.

9. ஒட்டுவதற்கு இன்ஸ்டன்ட் பசை வேண்டாம். அதன் ஆவி பட்ட இடமெல்லாம் வெள்ளையாகப் புகை படிந்ததுபோல் ஆகும், பிறகு தேய்த்தும் போகாது. அக்ரிலிக்கோடு அக்ரிலிக் சேர்க்கப் பெயர்ப்பலகைக் கடைகளில் குளோரோஃபார்ம் தொடுவார்கள். அந்த ஆவி உடம்புக்குக் கெடுதல், வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டிய பொருளல்ல. ஒட்ட வேண்டிய துண்டுகளைக் கடையிலேயே கொடுத்து ஒட்டி வாங்குங்கள்.

10. சிடி டிரைவ் இருந்த இடம் இப்போது பல கேபினட்டில் வாய் திறந்து கிடக்கிறது. பின்பக்கம் கார்டுகளுக்கான பட்டைகளும் போயிருக்கும். நம் ஊரில் அவை எறும்புக்கும் பல்லிக்கும் வாசல். மழைக்காலத்தில் எறும்பு வெதுவெதுப்பான இடம் தேடும், எஸ்எம்பிஎஸ் பக்கம் போன பல்லி தானும் செத்து மெஷினையும் கெடுக்கும். மிஞ்சிய அக்ரிலிக் துண்டுகளை அந்த இடங்களுக்கு அளந்து வெட்டி, இரட்டைப் பக்க டேப்பால் அடைத்துவிடுங்கள். ஜன்னலைக்கூட அடுத்த மாதம் வைத்துக்கொள்ளலாம், இதை இன்றே செய்யுங்கள்.

11. ஜன்னலைவிடக் காற்றுப் பாதைக்கு அதிக யோசனை கொடுங்கள். குளிர்ந்த காற்று முன்பக்கம் கீழே நுழைந்து, சூடான காற்று பின்பக்கம் மேலே வெளியேற வேண்டும். முன்பக்கப் பிளாஸ்டிக் முகப்பு உடைந்திருந்தால் அந்த இடத்தில் அக்ரிலிக் பலகை செய்து, அதில் 120 மி.மீ. ஃபேன் பொருத்தலாம். ஸ்க்ரூ ஓட்டைகளுக்கு இடையே 105 மி.மீ. இடைவெளி, நடுவட்டம் 115 மி.மீ. பழைய 80 மி.மீ. ஃபேன் என்றால் ஓட்டைகளுக்கு இடையே 71.5 மி.மீ. ஃபேனின் பக்கவாட்டில் இரண்டு அம்புக்குறிகள் இருந்தால், ஒன்று இறக்கை சுற்றும் திசை, மற்றொன்று காற்று போகும் திசை. அதைப் பார்க்காமல் திருப்பி மாட்டிவிட்டால் இரண்டு ஃபேனும் காற்றை வெளியே தள்ள, எல்லா இடுக்கு வழியாகவும் தூசி உள்ளே வரும்.

காற்று நுழையும் ஃபேனுக்கு வடிகட்டி கட்டாயம் வேண்டும். நைலான் கொசுவலையை இரண்டு அக்ரிலிக் சட்டங்களுக்கு நடுவே வைத்து, நான்கு மூலையிலும் சின்னக் காந்தம் ஒட்டிவிட்டால், இரும்பு உள்ள இடத்தில் தானே பிடித்துக்கொள்ளும். இழுத்து எடுத்துச் சோப்புத் தண்ணீரில் அலசி, காயவைத்து மாட்டலாம். பங்குனி, சித்திரை முந்திரிப் பருவத்தில் வாரம் ஒரு முறை அலசுங்கள். காற்று வெளியேறும் ஃபேனுக்கு வலை போடாதீர்கள், சூடு தேங்கும்.

12. பென்டியம் 4 காலத்துக் கேபினட்டுகளில் பக்கத் தகட்டில் ஓட்டைகளும், உள்பக்கம் ஒரு பிளாஸ்டிக் குழலும் இருக்கும். புராசஸர் ஃபேன் வெளிக்காற்றை நேரே இழுப்பதற்காக வைத்தது அது. ஜன்னல் அந்த இடத்தை மூடினால் மெஷின் திணறும். ஜன்னலை அதற்குக் கீழே வையுங்கள், அல்லது அக்ரிலிக்கிலும் அதே இடத்தில் காற்றோட்டம் விடுங்கள்.

13. எல்இடி பட்டை வேண்டுமென்றால் 12 வோல்ட் வகை வாங்குங்கள். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் நாலு பின் இணைப்பில் மஞ்சள் 12 வோல்ட், சிவப்பு 5 வோல்ட், கறுப்பு கிரவுண்ட். ஒரு சின்ன சுவிட்சும் வையுங்கள். மழை விட்ட இரவில் விளக்கு எரிந்தால் ஈசல் முழுக்க அங்கேதான் வரும்.

14. எஸ்எம்பிஎஸ் பெட்டியை எக்காரணத்துக்கும் திறக்காதீர்கள், அதன் இரும்புக் கூட்டையும் மாற்றாதீர்கள். 230 வோல்ட் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் போகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டரில் கொஞ்ச நேரம் தங்கியிருக்கும். மூன்று பின் பிளக்கை இரண்டு பின்னாக்கி மாட்டும் பழக்கம் இருந்தால் முதலில் அதை விடுங்கள். அக்ரிலிக் தீப்பிடிக்கும் பொருள், பக்கத்தில் கொசுவத்தியும் விளக்கும் வேண்டாம்.

15. மேல் தாளை உரிக்கும்போது நிலைமின்சாரம் உண்டாகும், அதனால் வெளியில் உரித்துவிட்டுப் பிறகு பொருத்துங்கள். காய்ந்த துணியால் தேய்த்தாலும் இதேதான், தூசி இன்னும் அதிகமாக ஒட்டும். ஒரு வாளித் தண்ணீரில் சில துளி ஷாம்பு விட்டு, நனைத்துப் பிழிந்த பருத்தித் துணியால் துடைத்தால் போதும். ஸ்பிரிட்டோ அமோனியா கலந்த கண்ணாடித் திரவமோ வெட்டிய விளிம்பில் பட்டால் மயிரிழை விரிசல்கள் ஓடும். லேசர் விளிம்புக்கு இது இன்னும் ஆகாது. லேசான கீறலுக்கு வெள்ளை டூத்பேஸ்ட்டைப் பஞ்சில் தொட்டு வட்டமாகத் தேயுங்கள். ஆழமான கீறலுக்கு 400, 800, 1200 நம்பர் உப்புத்தாளை வரிசையாக, தண்ணீர் விட்டுத் தேய்த்து, கடைசியில் மெட்டல் பாலிஷ் போடுங்கள்.

16. கேபினட்டைத் தரையில் வைக்காதீர்கள். பெருக்கும் தூசி முழுக்க முதல் ஒரு சாணில்தான் கிளம்புகிறது. பண்ருட்டிப் பக்கத்து மரவாடியில் பலாமரத் துண்டுக்குப் பஞ்சமில்லை. நாலு கால் வைத்து ஒரு முக்காலி உயரத்துக்குப் பலகை அடித்துக்கொள்ளுங்கள். சுவரிலிருந்து அரை அடி தள்ளியிருக்கட்டும்.

17. வெட்டி மிஞ்சிய அக்ரிலிக்கையும் பழைய ஒயர்களையும் குப்பையோடு கொளுத்தாதீர்கள். ஒயரின் மேல்தோல் எரிந்தால் வரும் புகை நச்சு. பெரிய துண்டுகளை எடுத்து வையுங்கள், சுவிட்ச்போர்டு மூடிக்கும் சாவி மாட்டிக்கும் உதவும். கெட்டுப்போன போர்டுகளுக்குத் தனிச் சட்டமே இருக்கிறது. மத்திய அரசின் 2022-ஆம் ஆண்டு மின்கழிவு விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. பதிவு பெற்ற மறுசுழற்சியாளருக்குப் போகும் வழியில் அவற்றைக் கொடுங்கள். கொடுக்குமுன் ஹார்டு டிஸ்க்கை மட்டும் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள்.